மழையைக் காணாத மண்ணரிப்பு ஆய்வுகள்

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்கை வளப் பாதுகாப்பு பயிலும் முதுநிலை மாணவரின் கல்வி நாட்காட்டியை, வானிலை நாட்காட்டிக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 75 சதவீதம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. தமிழகக் கடலோரம் போன்ற பகுதிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வாய்க்கிறது. ஆய்வேட்டுக்கென ஒதுக்கப்பட்ட நான்காம் பருவமோ, பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடுகிறது.

அதாவது, மண்ணரிப்பு, வழிந்தோடும் மழைநீர், நிலத்தடி நீர்ச் செறிவு, காட்டு மரங்களின் நாற்று முளைப்பு ஆகியவற்றைத் தலைப்பாகக் கொண்ட ஆய்வேடுகளில் பெரும்பகுதி, மழை பெய்யாத மாதங்களில் எழுதப்படுகிறது. மண் எப்படிக் கரைந்து ஓடுகிறது என்பதை ஒரு முறையேனும் கண்ணால் காணாத ஒருவர், மண்ணரிப்பில் முதுநிலைப் பட்டம் பெற இயலும். அவரே பின்னாளில் ஒரு நீர்வடிப்பகுதித் திட்டத்தின் அலுவலராகவோ, அடுத்த தலைமுறைக்கு அதே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகவோ அமரவும் இயலும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி நினைவுக்கு வரக்கூடும். ஆனால் இங்கே குறை மாணவரிடம் இல்லை. அவருக்கு வகுத்தளிக்கப்பட்ட பாதையில் இருக்கிறது.

களத்துக்குச் செல்ல இயலாத மாணவர் எதைக் கொண்டு ஆய்வேட்டை முடிக்கிறார்? கணினியைக் கொண்டு. மண்ணிழப்பைக் கணக்கிட உலகெங்கும் கையாளப்படுவது ‘பொது மண்ணிழப்புச் சமன்பாடு’. மழையின் தாக்குவிசை, மண்ணின் கரையும் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தைப் போர்த்தியுள்ள பயிர் அல்லது தாவரம், வரப்பு கட்டுதல் போன்ற காப்பு நடவடிக்கை ஆகியவற்றின் மதிப்புகளைப் பெருக்கினால், ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு எத்தனை டன் மண் வெளியேறும் என்னும் சராசரி கிடைக்கும். இம்மதிப்புகள் அனைத்தையும் இன்று இருந்த இடத்திலேயே திரட்டிவிடலாம். சரிவைச் செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்தும், தாவரப் போர்வையைப் பசுமைக் குறியீட்டிலிருந்தும், மழையின் தாக்குவிசையை ஆண்டு மழையளவை இட்டு நிரப்பும் எளிய வாய்பாட்டிலிருந்தும், மண்ணின் தன்மையைப் பழைய மண் வரைபடத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். புவியியல் தகவல் முறைமை மென்பொருள் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஒரு வரைபடத்தைத் தந்துவிடும். மாவட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு உருவாகிவிடும்.

இச்சமன்பாடு பிறந்த கதை இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் 1965-இல் அதனைக் கையேடாக வெளியிட்டனர்; 1978-இல் திருத்திய பதிப்பு வந்தது. ஏறத்தாழ 22 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட நிலத்துண்டு அதில் அலகாகக் கொள்ளப்பட்டது. பல மாநிலங்களில் இத்தகைய துண்டுகளின் அடிமுனையில் தொட்டி வைத்து, ஓடிவந்த நீரையும் மண்ணையும் அளந்து, ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தனர். ஒரு துண்டில் ஓராண்டு அளந்ததை ஒன்று எனக் கொண்டால், 10,000-க்கும் மேற்பட்ட அளவீடுகள் அச்சமன்பாட்டின் அடித்தளம். மழைக்குப் பின் சேற்றில் இறங்கி நின்றவர்களின் உழைப்பால் விளைந்த ஒரு கருவி, இன்று சேற்றில் இறங்காமல் இருப்பதற்கான வழியாகியுள்ளது.

அதன் எல்லைகளும் ஆய்வேடுகளில் அரிதாகவே பேசப்படுகின்றன. நிலப்பரப்பின் மேல் படலமாகவும் சிறு ஓடைகளாகவும் நிகழும் அரிப்பையே அச்சமன்பாடு கணிக்கும். ஆழ்ந்த பள்ளங்களாக நிலம் பிளவுபடும் அரிப்பு அதன் வரம்புக்கு அப்பாற்பட்டது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவிக்கிடக்கும் சம்பல் பள்ளத்தாக்கின் சிதைந்த நிலங்களை ஒரு முறை பார்த்தவருக்கு, அங்கே எந்த வகை அரிப்பு முதன்மையானது என்பதை விளக்க வேண்டியதில்லை. திரையில் மட்டும் பார்த்தவருக்கு அவ்வேறுபாடே எழுவதில்லை.

இந்நிலையின் விளைவு நாட்டின் புள்ளிவிவரங்களிலும் தெரிகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 533.4 கோடி டன் மண் பெயர்க்கப்படுகிறது, அதாவது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 16 டன் என்னும் கணக்கு, மண்ணரிப்பு பற்றிய ஆய்வேடுகளின் முதல் இயலில் தவறாமல் இடம்பெறுகிறது. துருவ நாராயணா, ராம் பாபு ஆகிய இரு அறிஞர்கள் 1983-இல் வெளியிட்ட மதிப்பீடு அது. அன்று கிடைத்த குறைந்த தரவுகளைக் கொண்டு அவர்கள் செய்த பணி மதிக்கத்தக்கது. ஆனால் 40 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே எண் மேற்கோளாக நீடிப்பது, இடைப்பட்ட காலத்தில் வரைபடங்கள் பெருகிய அளவுக்கு அளவீடுகள் பெருகவில்லை என்பதையே காட்டுகிறது. பல்லாயிரம் முதுநிலை மாணவர்கள் ஆளுக்கொரு மழைக்காலம் ஒரு நீரோடையின் அருகே நின்றிருந்தால், இன்று எத்தகைய தரவுக் களஞ்சியம் நாட்டின் கையில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மாணவரையோ நெறியாளரையோ குறைகூறுவது எளிது, ஆனால் நியாயமாகாது. களப்பணிக்கான பயணப்படியும் தங்கும் செலவும் பெரும்பாலான துறைகளில் பெயரளவுக்கே உள்ளன. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் ஆய்வு செய்வதற்கான அனுமதி, ஒரு பருவம் முடிவதற்குள் கிடைத்தால் அது நற்பேறு. மாணவியருக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் பாதுகாப்பான போக்குவரத்தும் இல்லாத களம், பெற்றோரின் மறுப்பையே முதலில் சந்திக்கிறது. ஆசிரியரின் பதவி உயர்வு கட்டுரைகளின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருக்கும்போது, ஆறு மாதத்தில் கட்டுரையாகும் தலைப்பை விட்டு, ஆறு ஆண்டுகளில் கட்டுரையாகக்கூடிய தலைப்பை அவர் ஏன் தேர்ந்தெடுப்பார்? முனைவர் பட்டம் பெற ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறை நீக்கியது உண்மையே. ஆயினும் வேலைவாய்ப்புத் தேர்வுகளில் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு உள்ள எடை குறையாதவரை, ஆய்வாளரின் அவசரமும் குறையாது.

துறைகளின் பிரிவினையும் இதில் பங்கு வகிக்கிறது. இந்தியாவில் வனக்கல்வி 1878-இல் டேராடூனில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அரசுக்கு மரமும் வருவாயும் தரும் காட்டை நிர்வகிக்க அலுவலர்களைப் பயிற்றுவிப்பது அதன் முதல் நோக்கம். மண், நீர்ப் பாதுகாப்பு வேளாண் பொறியியலின் கிளையாக வளர்ந்தது. நீரியல் கட்டடப் பொறியியலிடமும், உயிர்ப்பன்மை விலங்கியல், தாவரவியல் துறைகளிடமும், மேய்ச்சலும் பொதுநிலமும் சமூகவியலிடமும் சென்று சேர்ந்தன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியாகச் சுற்றுச்சூழல் பாடம் பட்டப்படிப்பு அனைத்துக்கும் கட்டாயமானது. அதுவும் பல கல்லூரிகளில் தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்யப்படும் ஒரு தாளாகவே நின்றுவிட்டது.

நிலமோ இப்பிரிவினையை அறியாது. பஞ்சாப் இதற்குத் தக்க சான்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளின்படி, அம்மாநிலம் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் உறிஞ்சுகிறது. நீர்மட்டச் சரிவை நீரியல் மாணவர் அளக்கலாம். அதன் காரணம் நெல்லுக்கு உறுதியான அரசுக் கொள்முதலிலும் வேளாண்மைக்கான இலவச மின்சாரத்திலும் இருக்கிறது. அது பொருளியல் மாணவரின் பாடம். சரிவைத் தடுக்க 2009-இல் வந்த சட்டம், கோடையிலேயே நாற்று நடுவதைத் தடை செய்து நடவைத் தள்ளிவைத்தது. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடைப்பட்ட நாட்கள் குறைந்தன. வைக்கோலை எரித்து வயலை விரைவில் காலிசெய்யும் நெருக்கடி இதனால் கூடியது என்றும், காற்று தேங்கும் மாதங்களில் அப்புகை வட இந்தியாவைச் சூழ்கிறது என்றும் பல ஆய்வுகள் சுட்டியுள்ளன. நீரைக் காக்க வந்த விதி காற்றைப் பாதித்த இந்நிகழ்வைப் படிக்க எந்தத் துறை மாணவருக்கு இடம் இருக்கிறது?

ஓரிடத்தில் நீண்ட காலம் நின்று கற்பதால் விளையும் பயன் என்ன என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே விடை உண்டு. மூன்று நிகழ்வுகள் போதுமானவை.

முதலாவது, ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சதுப்புநிலத்தில் தலைமுறைகளாகச் சுற்றுப்புற ஊர்களின் எருமைகள் மேய்ந்துவந்தன. கால்நடை மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்னும் கருத்தின் அடிப்படையில் 1982-இல் மேய்ச்சல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையே மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்த ஆய்வு ஒன்றை நடத்திவந்தது. எருமைகள் நீங்கியபின் ‘பாஸ்பாலம்’ என்னும் புல் நீர்ப்பரப்பை மூடிப் பெருகியதையும், திறந்த நீர் தேவைப்பட்ட பறவைகளுக்கு இடம் சுருங்கியதையும் அவ்வாய்வு பதிவுசெய்தது. மேய்ச்சல் அச்சதுப்புநிலத்தின் இயக்கத்தில் ஓர் உறுப்பாக இருந்துள்ளது என்னும் முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். ஆறு மாதத் திட்டம் ஒன்றால் இம்முடிவை எட்டியிருக்க முடியாது; தடைக்கு முன்னும் பின்னும் அங்கே இருந்தவர்களால் மட்டுமே அதனை எட்ட முடிந்தது.

இரண்டாவது, மேற்கு வங்கத்தின் மேதினிபூர் பகுதியிலுள்ள அராபாரி. 1970-களின் தொடக்கத்தில் அங்கே வன அலுவலராக இருந்த அஜித் குமார் பானர்ஜியின் பணி, சால் மரங்கள் குறித்த வளர்ப்பு ஆய்வு. ஆய்வுத் துண்டுகளில் மரங்கள் வெட்டப்பட்டும் தளிர்கள் மேயப்பட்டும் வந்ததால் ஆய்வே நிலைகுலைந்தது. வேலியை உயர்த்துவதோ வழக்குகளைப் பெருக்குவதோ அவருக்கு எளிய வழியாக இருந்திருக்கும். அவர் அருகிலிருந்த 11 ஊர்களின் மக்களோடு பேசினார். 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்க முன்வந்தன. வேலைவாய்ப்பும், சிறு வன விளைபொருள்களும், இறுதி வெட்டின் வருவாயில் 25 சதவீதப் பங்கும் அவர்களுக்கு உரியவை என உறுதியளிக்கப்பட்டது. அடிமரங்களிலிருந்து சால் மீண்டும் தழைத்தது. 1990-இல் மத்திய அரசு வெளியிட்ட கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கைக்கு அராபாரி ஒரு முன்னோடி. தோல்வியுற்ற ஓர் ஆய்வுத் துண்டே தேசியக் கொள்கை ஒன்றின் விதையானது. இன்றைய மதிப்பீட்டு முறையில் அத்தோல்வி, ‘முடிவுகள் திருப்திகரமாக இல்லை’ என்னும் ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

மூன்றாவது, சண்டிகருக்கு அருகில் சிவாலிக் அடிவாரத்தில் உள்ள சுகோமாஜ்ரி. 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சில பத்தாண்டுகளுக்குள் வண்டலால் வேகமாகத் தூர்ந்துவந்தது. மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா, அவ்வண்டல் எங்கிருந்து வருகிறது என்று ஏரியிலிருந்து மேல்நோக்கித் தேடிச் சென்றார். அத்தேடல் சுகோமாஜ்ரியின் மொட்டைக் குன்றுகளில் முடிந்தது. மேய்ச்சலை நிறுத்தச் சொன்னபோது, ஆடுகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்னும் கேள்வி எழுந்தது. 1970-களின் பிற்பகுதியில் சிறு மண் அணைகள் எழுந்தன. தேங்கிய நீரில், நிலம் உள்ளோருக்கும் அற்றோருக்கும் பங்கு உண்டு என ஊர் முடிவுசெய்தது. நீரில் பங்கு கிடைத்ததும் குன்றைக் காப்பது ஊரின் சொந்த நலனாயிற்று. முள்வேலி இன்றியே மேய்ச்சல் கட்டுக்குள் வந்தது. பிற்காலத்தில் அணைகள் தூர்ந்ததும், பிழைப்பு வழிகள் மாறி ஊர்ச் சங்கம் தளர்ந்ததும் பின்வந்த ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அத்தளர்ச்சியும் பாடத்தின் ஒரு பகுதியே. தொடர்ந்து சென்று பார்த்தவர்களே அதனைச் சொல்ல முடிந்தது.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ளவை இரண்டு. ஆய்வாளர் முன்கூட்டியே கொண்டிருந்த கருத்தைக் களம் திருத்தியது. அத்திருத்தத்தை ஏற்கும் அளவுக்கு அவர் அங்கே இருந்தார். பல்கலைக்கழகங்களின் இன்றைய பாடத்திட்டம் இவ்விரண்டுக்கும் இடமளிப்பதில்லை.

எதிர்வாதங்களையும் எடைபோட வேண்டும். இத்தனை பெரிய நாட்டைக் கால்நடையாக அளந்துவிட முடியாது, தொலையுணர்வு இன்றியமையாதது. நிதி குறைந்த ஒரு மாவட்டக் கல்லூரி மாணவர்கூட இலவச மென்பொருளும் இலவசச் செயற்கைக்கோள் படங்களும் கொண்டு உலகத்தரமான பகுப்பாய்வைச் செய்ய முடிகிறது என்பது உண்மையான சமத்துவம். நிலச் சீர்கேடு நாட்டின் பரப்பில் 29.77 சதவீதத்தை எட்டியுள்ளது என்னும் 2018-19 ஆண்டுக்கான கணக்கைத் தந்ததும் விண்வெளித் துறையின் வரைபடத் தொகுப்பே.

இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மேலிருந்து காண்பதைக் கீழிருந்து சரிபார்க்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வனப்பரப்புக் கணக்கே சான்று. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் வனப்பரப்பு 21.76 சதவீதம் என்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத, மரக்கவிகை 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எந்நிலமும், அது யாருடையதாயினும், எம்மரமாயினும், அக்கணக்கில் வனப்பரப்பாகும். தைல மரத் தோப்பும் தென்னந்தோப்பும் சோலைக்காடும் அவ்வரையறைக்குள் ஒருங்கே அடங்கக்கூடும். அறிக்கை தன் வரையறையை மறைப்பதில்லை. சோலைக்காட்டின் ஈரமான இலைமக்கைக் கையால் அள்ளிப் பார்த்திராத மாணவருக்கு, அவ்வரையறையில் கேட்க வேண்டிய கேள்வி இருப்பதே தோன்றாமல் போவதுதான் இடர். அவரே நாளை ஒரு சுரங்கத்துக்கோ சாலைக்கோ வெட்டப்படும் காட்டுக்கு ஈடாக எங்கோ நடப்படும் மரக்கன்றுகளை ‘இழப்பீடு’ எனக் குறிப்பெழுதி ஒப்பமிடுவார்.

தவறான வரைபடத்தின் விலையைக் கொடுப்பவர் மாணவரோ நெறியாளரோ அல்லர். வரைபடத்தின் சிவப்புப் புள்ளியை நம்பி, நீரே ஓடாத மடுவில் தடுப்பணை கட்டப்படுகிறது. மஞ்சள் நிறம் பெற்றதால், ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டு போகும் ஓடைக்கரை கைவிடப்படுகிறது. அவ்வோடைக்கரையில் நிலம் உள்ள உழவர், முதல் மழையிலேயே இவ்வேறுபாட்டைச் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்கும் பருவத்தில் மாணவர் அங்கே வரவில்லை. பின்னர் அவர் அலுவலராக வரும்போது, கையில் ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறது. அதனை மாற்றும் அதிகாரம் இருவரிடமும் இல்லை.

மாற்று வழி கற்பனையன்று. நீலகிரியின் முதுமலையில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டுத்துண்டு ஒன்றைக் குறித்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கொண்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டனர். அம்மரங்களின் வளர்ச்சியும் இறப்பும் புதுவரவும் அன்றுமுதல் தொடர்ந்து கணக்கெடுக்கப்படுகின்றன. தீயும் வறட்சியும் யானையும் அக்காட்டை எப்படி மாற்றுகின்றன என்பதை இன்று உறுதியோடு சொல்ல முடிகிறது என்றால், ஆய்வாளர்கள் மாறினாலும் துண்டு மாறாமல் இருந்ததே காரணம்.

அத்தகைய பெருந்திட்டம் எல்லாக் கல்லூரிகளுக்கும் இயலாது. ஆனால் அதன் கொள்கையைச் சிறிய அளவில் பின்பற்ற எதுவும் தடையில்லை. இயற்கை வளம் பயிற்றும் ஒவ்வொரு துறையும், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஒரே ஒரு சிறு நீர்வடிப்பகுதியையோ, ஏரியையோ, புறம்போக்கு மேய்ச்சல் நிலத்தையோ தன் நிலையான களமாக ஏற்கலாம். வனத்துறை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாத பொதுநிலங்கள் எங்கும் உள்ளன; எதுவுமே கிட்டாவிடில் வளாகத்தின் மழைநீர் வடிகாலே போதும். ஒரு மழைமானி, நீர்மட்டம் காட்டும் ஓர் அளவுகோல், சில பாட்டில்கள் ஆகியவையே தொடக்கச் செலவு. மழை ஓடும்போது எடுத்த ஒரு லிட்டர் கலங்கல் நீரை வடிதாளில் வடித்து, உலர்த்தி, எடைபோட்டால் அதில் கரைந்து வந்த மண் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஓட்டத்தின் அளவையும் அறிந்தால் மொத்த இழப்பைக் கணிக்கலாம். உலர்த்தும் அடுப்பும் தராசும் இல்லாத அறிவியல் கல்லூரி அரிது.

நாட்காட்டியை மாற்றுவது அடுத்த படி. ஆய்வேட்டை நான்காம் பருவத்தில் தொடங்குவதற்கு மாறாக, இரண்டாம் பருவத்தின் இறுதியிலேயே தலைப்பை உறுதிசெய்து, மூன்றாம் பருவத்தின் மழை மாதங்களில் அளவீட்டை நடத்தி, நான்காம் பருவத்தை எழுதுவதற்கு ஒதுக்கலாம். தென்மேற்குப் பருவமழைப் பகுதிக்கும் வடகிழக்குப் பருவமழைப் பகுதிக்கும் இவ்வேற்பாடு பொருந்தும். இதற்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.

மதிப்பீடும் மாற வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மாணவர் குழு தன் களப்பதிவேட்டை அடுத்த குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அப்பதிவேட்டின் நேர்மைக்கும் தொடர்ச்சிக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். சமன்பாடு சொன்னதும் பாட்டில் சொன்னதும் முரண்பட்டால், அம்முரண்பாட்டையே முடிவாக எழுதும் ஆய்வேடு தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் ஆண்டில் அத்துறையிடம் பத்து மழைக்காலங்களின் தரவு இருக்கும். வேறெவரிடமும் அது இருக்காது. அப்போது கட்டுரைகளின் எண்ணிக்கை பற்றிய கவலையும் ஓரளவு தானே தீரும்.

இறுதியாக, கண்டறிந்ததை அவ்வூரின் மொழியில் கிராம சபையில் சொல்லும் கடமை பட்டத்தின் ஒரு நிபந்தனையாக வேண்டும். 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு ஒன்றை எதிர்பார்க்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதியைக் கெடுவாக விதித்தபோது, அவற்றுள் பல அவசரத்தில் நிரப்பப்பட்டன. அப்பதிவேடுகளை உண்மையாக்கும் ஆற்றல், அண்டையிலுள்ள பல்கலைக்கழகத்தின் மாணவர்களிடம் உண்டு. அவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டும்போது, ‘இந்த ஓடையில் இந்த மீன் இப்போது இல்லை’ என்று திருத்த ஊரில் ஒருவர் இருப்பார். எந்த ஆய்விதழின் மதிப்பாய்வாளரும் அத்திருத்தத்தைத் தர இயலாது.

வரும் கல்வியாண்டில் இயற்கை வளப் பாதுகாப்பு பயிலச் சேரும் மாணவருக்கு இவ்வமைப்பை மாற்றும் அதிகாரம் இல்லை. எனினும் ஓர் உரிமை உண்டு. தலைப்பு முடிவாகும் நாளில், அவ்வாய்வுக்குரிய மழை எந்த மாதத்தில் பெய்யும், அப்போது தாம் எங்கே இருப்போம் என்று தம் நெறியாளரிடம் கேட்கலாம். ஆண்டுதோறும் ஒவ்வொரு துறையிலும் ஒருவரேனும் அக்கேள்வியைக் கேட்டால், நாட்காட்டியை மாற்றக் கூடும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது என்றேனும் இடம்பெற்றே தீரும்.